இடக்கைத் தாழ்வு

காலையில் கதவுக்குக் கை காட்டினேன். வழக்கமாக உடனே திறக்கிற கதவு இன்றைக்கு யோசித்தது. கதவு யோசித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கைச்சான்று புதுப்பிக்க வேண்டிய நாள். ஒத்திகைக் கூண்டுக்குச் செல்லவும்," என்றது.

"நேத்தே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்று கேட்டேன். கதவோடு சண்டை போடாதீர்கள், ரத்தக் கொதிப்பு ஏறுகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கென்ன, அவர் வீட்டுக் கதவு சாவி போட்டால் திறக்கிற கதவு.

தூசியும் கிருமியும் நுழையாத பெருந்துறைத் தூயறையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். இங்கே தன்மருந்து செய்கிறோம். ஒருவருடைய ரத்தத்திலிருந்து உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, அவருடைய நோயோடு சண்டை போட அவற்றைப் பழக்கி, திரும்பவும் அவர் உடம்புக்குள்ளேயே அனுப்புகிற மருந்து. ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்கு உதவாது. ஆரம்பத்தில் இதற்கு இயந்திரக் கைகளை வைத்துப் பார்த்தார்கள். ஆனால் ஒவ்வொருத்தர் உயிரணுவுக்கும் ஒவ்வொரு குணம். ஒன்று பாத்திரத்தை விட்டு வராமல் ஒட்டிக்கொள்ளும், இன்னொன்று கொஞ்சம் அழுத்திக் கலக்கினாலே செத்துப்போகும். இயந்திரம் திணறியது. கடைசியில் மனிதக் கையே பரவாயில்லை என்று எங்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்களே தவிர, நம்பவில்லை.

அதனால் வந்ததுதான் கைச்சான்று. உனக்கு என்ன தெரியும் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மாதிரி மேடை இருக்கும். அதன் முன்னால் முழுவுடை போட்டு நின்று, வெறும் தண்ணீரை வைத்து ஒரு குப்பியை நிரப்பி மூட வேண்டும். கூரையில் இருக்கிற கேமராக்கள் நம் தோள், முழங்கை, விரல் எல்லாவற்றையும் அளந்து, 'மூலக்கை' என்ற ஒன்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். மூலக்கை என்பது எந்தக் காலத்திலோ எடுத்த யாரோ ஒரு தொழிலாளியின் அசைவுப் பதிவு. யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் கை அசைந்த மாதிரி நம் கையும் அசைந்தால் கதவு திறக்கும். இல்லாவிட்டால் இல்லை. மாநிலம் முழுக்க எல்லாத் தூயறைக்கும் ஒரே மூலக்கைதான்.

இந்தப் பருவத்திலிருந்து தேர்ச்சி எல்லையை எழுபதிலிருந்து தொண்ணூறுக்குத் தூக்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்டோம். தரம் என்றார்கள். தரம் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அப்புறம் எவனும் வாயைத் திறக்க முடியாது.

கூண்டுக்கு வெளியே கவினேஷ் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தான். எனக்கு அடுத்த மேடையில் வேலை செய்கிறவன்.

"தொண்ணூத்தாறுங்க்கா," என்றான்.

"எப்பிடிப்பா வாங்குனே?"

"ஒண்ணும் பண்ணலீங்க்கா. எப்பவும் போலத்தான். நானு, மல்லேஷு, அந்த சத்தியமங்கலத்துக்காரரு, மூணு பேருதான் பாஸு."

மூன்று பேரையும் மனசுக்குள் நிறுத்திப் பார்த்தேன். மூன்றும் தொப்பை. கவினேஷ் மேடைக்கு வருவதற்கு முன்னாலேயே அவன் வயிறு வந்து சேர்ந்துவிடும். ஒல்லியாக, ஒழுங்காக வேலை செய்கிற மற்றவர்கள் எல்லாரும் பெஞ்சில் மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "இது கைக்குப் பரீட்சையா, வயித்துக்குப் பரீட்சையா?" என்று கேட்டேன். எரிச்சலில் கேட்டதுதான். கவினேஷ் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

ஒரே நாளில் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் அடுத்த பருவம் வரை கதவு திறக்காது. மற்றவர்களுக்கு அது சம்பளமில்லாத விடுப்பு. எனக்கு அப்படியில்லை. உள்ளே என் மேடையில் தினேஷ்குமாருடைய உயிரணுக்கள் தயாராக இருந்தன.

தினேஷ்குமார் கல்யாண மண்டபங்களில் சமையல் செய்கிறவர். ரத்தத்தில் புற்று. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அவருடைய உயிரணுக்களை முதல் நாளிலிருந்து வளர்த்தது நான். தொடங்கிய கைதான் முடிக்க வேண்டும், அது சட்டம். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் கழுத்தைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. வேறு கை பட்டால் மருந்தைக் கொட்டிவிட வேண்டும். இன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் குப்பியில் நிரப்பி உறைய வைக்காவிட்டால் அவை சாகத் தொடங்கிவிடும். இன்னொரு தடவை ரத்தம் எடுக்க அவர் உடம்பில் தெம்பு இல்லை.

அவருடைய மனைவி ஸ்ரீமதி காத்திருப்புக் கூடத்தில்தான் இருந்தார். ஒரு வாரமாகவே இருக்கிறார். ஒரு பெரிய தூக்குப்போசியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அரிசிம்பருப்புச் சாதம் போட்டுக்கொண்டிருப்பார். சும்மா உட்காரச் சொன்னால் கேட்க மாட்டார்.

"ஏனுங் கண்ணு, இன்னைக்கு முடிஞ்சுருமா?"

"முடிஞ்சுருங்க்கா. கொஞ்சம் பொறுங்க," என்றேன். சொன்ன விதம் சரியில்லை. சிடுசிடுவென்று விழுந்துவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல் ஒரு தட்டை நீட்டினார்.

முதல் தடவை எழுபத்துநான்கு. இரண்டாவது தடவை எழுபத்தாறு. திரையில் மூன்று குறைகள் வந்தன. மேடையிலிருந்து தூரம் போதாது. தோள் பின்சாய்வு போதாது. இடக்கைத் தாழ்வு இல்லை.

இந்த இடக்கைத் தாழ்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். குப்பி மூடியைத் திறக்கப் போகும்போது, திறப்பதற்குச் சற்று முன்னால், இடது கையைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, மறுபடி மேலே கொண்டுவர வேண்டும். பயிற்சிக்கு வருகிற புதுப் பிள்ளைகளுக்கு இதற்கென்று தனிப் பாடமே இருக்கிறது. இப்படி நிறுத்துவதால் மேடைக் காற்று அடங்கிச் சீராகிறதாம். 'காற்றடங்கு நிலை' என்று படம் போட்டு அம்புக்குறி எல்லாம் வைத்து விளக்கியிருக்கிறார்கள். மேடைக் காற்று மேலிருந்து கீழே ஒரே சீராக வீசுகிறது, அது அடங்குவதற்கு என்ன இருக்கிறது? பழைய ஆட்களுக்குப் பயிற்சி கிடையாது என்பதால் நான் அந்தக் கூத்தில் மாட்டவில்லை. பக்கத்து மேடைகளில் எல்லாருடைய இடக்கையும் இறங்கி ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டு பார்வையைத் திருப்பிக்கொள்வேன். எழுபது எடுத்தால் போதும் என்று இருந்தவரை அது இல்லாமலே காலம் ஓடிவிட்டது.

"எதுக்குப்பா இந்தக் கண்றாவி? இதால மருந்து சுத்தமாவுதுன்னு ஒருத்தன் காட்டட்டும்," என்று சான்று அதிகாரி மோனிஷிடம் கத்தினேன். "நான் மேல எழுதப் போறேன் பாத்துக்கோ. இந்த நிக்கற தூரம், இந்தக் கை எறக்கறது, எல்லாத்தையும் எழுதி நாறடிக்கறேன்."

மோனிஷ் நல்ல பையன். கோபமே வராது. அதுவே எனக்குக் கோபம். "எழுதுங்க்கா. ஆனா மார்க்கு நான் போடறதில்லீங்க, மெசினு போடுது. நான் பக்கத்துல நிக்கறனுங்க, அவ்வளவுதான். ரெண்டு தடவ போனவங்களுக்குப் புதுப் பதிப்புல நிழலுரு காட்டலாமுங்க. பாக்கறீங்களா?"

"காட்டித் தொல."

விளக்கைக் குறைத்தான். மேடைக்கு முன்னால் நீலக் கோடுகளால் ஆன ஓர் உருவம் வந்து நின்றது. முகம் இல்லை, உடம்பும் இல்லை. தோளும் கையும் முதுகும் இடுப்பும் மட்டும். மேடையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. இடுப்பை முன்னால் விட்டு, தோளைப் பின்னால் சாய்த்து, கைகளை எட்டி நீட்டி வேலை செய்தது. இவ்வளவு தூரத்தில் நின்று எந்த மடையன் வேலை செய்வான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே குப்பியின் மூடியை நோக்கி இரண்டு கைகளும் போயின. இடக்கை மட்டும் நின்றது. மெல்லக் கீழே இறங்கியது. எதையோ தொடப் போவது போல உள்ளங்கை உள்பக்கம் திரும்பியது. அப்புறம் தொடக் கூடாது என்று நினைவு வந்ததுபோல் அப்படியே நின்று, திரும்பி மேலே போய்விட்டது.

இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தேன்.

அது நான். தூயறைக்குள் உடம்பைத் தொடக் கூடாது. முழுவுடையில் கை பட்டால் கையுறையை மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் எல்லாருடைய அசைவையும் பதிவு செய்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுப்போம் என்றார்கள். சராசரி சரிப்படவில்லை போலிருக்கிறது. இருந்ததில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு ஏழாம் மாசம். வயிறு இடிக்குமே என்று தள்ளி நின்றேன். மூடியைத் திறக்கப் போகும்போது வயிற்றுக்குள் அவள் இடப்பக்கம் உதைத்தாள். கை தானாகப் போனது. தொடாமல் நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த மாசம் அவள் பிறந்தாள். மூச்சு இல்லை. பெயர்கூட வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு போட்டோ எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார்கள், என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்காக அவரோடு நான் போட்ட சண்டை இன்னும் முடியவில்லை.

திரும்ப வேலைக்கு வந்த நாளிலிருந்து மேடையை ஒட்டி நின்றுதான் வேலை செய்கிறேன். மேடை விளிம்பு வயிற்றில் அழுந்துகிற அளவுக்கு ஒட்டி. நடுவில் ஒன்றும் இல்லை என்று தெரிய வேண்டும் எனக்கு. இடக்கையை அனாவசியமாக ஒரு விரல்கூட அசைக்க விட்டதில்லை. இயந்திரம் மூன்று குறை சொன்னதே, மூன்றும் நான் வேண்டுமென்றே பழகிக்கொண்டவை.

"மோனிஷு, இது நானு," என்றேன்.

"எதுங்க்கா?"

"இந்த நிழலு. இது என்ற கை."

அவன் அவசரமாக விளக்கைப் போட்டான். "அப்பிடிச் சொல்லக் கூடாதுங்க்கா. மூலக்கை யாரோடதும் இல்லீங்க. சட்டமே அப்பிடித்தான் இருக்குது. என்றதுன்னு யாராச்சும் சொன்னா அது தனிக் குத்தமுங்க."

"குத்தமாவே இருக்கட்டும். என்ற கைக்கு என்ற கையே சாட்சி சொல்லோணுமா?"

மோனிஷ் யோசித்தான். கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே யோசித்தான். "சரீங்க்கா, நீங்களேன்னு வெச்சுக்குவோம். இருந்தாலும் நீங்க இப்ப உங்ககிட்ட இருந்து இருபத்திநாலு மார்க்கு தள்ளிப் போயிட்டீங்களே. மெசினு அதத்தானுங்க பாக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மத்தியானம் தாண்டிவிட்டது. கவினேஷின் தொப்பை கண்ணில் பட்டது. அதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. அவனுக்கு வயிறு மேடையில் இடிக்காமல் இருக்க வேண்டுமானால் தள்ளித்தான் நிற்க வேண்டும். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான். கவினேஷ் சாப்பிட்டுச் சேர்த்த வயிற்றை, இருக்கிற ஒரே வாய்ப்புக்குள் நான் எங்கே போய்ச் சேர்ப்பது?

ஸ்ரீமதி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தூக்குப்போசியைத் திறக்கப் போனார்.

"சோறு வேண்டாமுங்க்கா. அந்தத் துணி வேணும்."

"எந்தத் துணி கண்ணு?"

"போசி சுத்தியிருக்கறது. நீங்க போத்தியிருக்கற சால்வையுங் குடுங்க. வயித்துல கட்டோணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண்கள் உடுப்பு மாற்றும் அறைக்குக் கூட்டிப்போனேன். சால்வையை உருட்டி வயிற்றில் வைத்து, போசித் துணியால் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போடச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. முடிச்சுப் போட்டுவிட்டு முன்னால் வந்து நின்று பார்த்தார்.

"எத்தன மாசமுங்க?" என்றார்.

"ஏழு."

"ஏழுன்னா இன்னுங் கொஞ்சம் கீழ எறக்கோணும்." குனிந்து பொதியை இரண்டு கையாலும் பிடித்து இறக்கி, அங்கங்கே அழுத்திச் சரிசெய்தார். அவர் தலை என் வயிற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் முகமூடி நனைந்துவிடும் என்று அதற்கும் எரிச்சல்பட்டுக்கொண்டேன்.

முழுவுடையை மாட்டிக்கொண்டு கூண்டுக்குப் போனேன். மோனிஷ் என் வயிற்றைப் பார்த்தான். கையில் இருந்த பலகையில் விதிமுறையை மேலும் கீழும் தேடினான்.

"உள்ள என்ன போடக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லீங்க்கா," என்றான். அவன் குரலில் சந்தோஷம் இருந்த மாதிரி இருந்தது.

மேடைக்கு முன்னால் நின்றேன். ஒட்டி நிற்க முடியவில்லை. தள்ளி நின்றதும் தோள் தானாகப் பின்னால் போனது, இடுப்பு முன்னால் வந்தது. இருபது வருஷமாக நான் பிடித்து இறுக்கி வைத்திருந்ததெல்லாம் சால்வை உருண்டை ஒன்றுக்குக் கழன்றுவிட்டது. தண்ணீரை ஊசிக்குழாயில் உறிஞ்சினேன், குப்பியில் விட்டேன். கை எட்டிப் போனது, எட்ட வேண்டிய அளவுக்கே எட்டியது. மூடியிடம் வந்தபோது பயந்துவிட்டேன். எவ்வளவு இறக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. கணக்குப் போட்டு இறக்கினால் தப்பாகிவிடும். அதனால் சும்மா நின்றேன். இடப்பக்கம், விலாவுக்குக் கீழே, அவள் உதைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

கை இறங்கியது. உள்ளங்கை திரும்பியது. தொடவில்லை.

தொண்ணூற்றொன்பது என்றது திரை.

தூயறைக்குள் பொதி கிடையாது. உடுப்பு மாற்றுகிற இடத்தில் அவிழ்த்து ஸ்ரீமதியிடம் கொடுத்துவிட்டு, குளித்து, புது முழுவுடை போட்டுக் கதவுக்குக் கை காட்டினேன். யோசிக்காமல் திறந்தது. தினேஷ்குமாரின் உயிரணுக்களை வெளியே எடுத்து, கலக்கி, குப்பி குப்பியாக நிரப்பினேன். முரட்டு உயிரணுக்கள், மண்டபத்துச் சமையல்காரருடையது வேறு எப்படி இருக்கும். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒவ்வொரு மூடிக்கும் முன்னால் என் இடக்கை இறங்கி நின்று ஏறியது. நான் இறக்கவில்லை, அதுவாகப் போனது. நான் தடுக்கவும் இல்லை.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் எரிச்சல் வரும். என்னைப் பார்த்துப் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் வயிற்றில் எதையாவது கட்டிக்கொண்டு கூண்டுக்குள் போனார்கள். துண்டு, பழைய உடுப்பு, ஒருத்தன் அவன் பையையே கட்டிக்கொண்டான். எல்லாரும் தேறிவிட்டார்கள். மற்ற ஊர்களுக்கும் சேதி போனது. ஒரு மாசத்துக்குள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. 'சான்று வயிற்றுப்பொதி, மூன்று அளவுகளில்' என்று அவர்களே தைத்து அனுப்பினார்கள். ஏன் வயிறு வேண்டியிருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. காற்றோட்டத்துக்கு நல்லது என்று அதற்கும் ஒரு பாடம் எழுதிவிட்டார்கள்.

உட்கார்ந்து புகார் எழுதினேன். கர்ப்பிணி ஒருத்தியின் நிலையை எல்லார் முதுகிலும் ஏற்றியிருக்கிறீர்கள், தோள் வலியில் பாதிப் பேர் மாத்திரை போடுகிறார்கள், நிற்கும் தூரத்தைத் திருத்துங்கள் என்று எழுதினேன். எழுத்தில் என் குணம் தெரியக் கூடாது என்று மூன்று தடவை அடித்து எழுதினேன், அப்படியும் கொஞ்சம் தெரிந்தது. அதிசயமாகத் திருத்திவிட்டார்கள். இப்போது எல்லாரும் மேடையை ஒட்டித்தான் நிற்க வேண்டும், பொதியும் போய்விட்டது. மற்ற இரண்டு தொப்பைக்காரர்களும் வயிற்றை எக்கிக்கொண்டு தேறிவிட்டார்கள், தேறாதது கவினேஷ் மட்டும்தான். "எந்த மகராசருங்க்கா இந்தப் புகார எழுதுனது?" என்று என்னிடமே வந்து கேட்டான். காலையில் நடக்கப் போ என்று சொல்லி அனுப்பினேன். இப்போது நடக்கிறான்.

தினேஷ்குமார் வீட்டுக்கு வந்துவிட்டார். ஸ்ரீமதி வந்து சொன்னார். வந்த அன்றைக்கே ரசத்தில் உப்பு இல்லை என்று சண்டையாம். அந்தப் போசித் துணியைத் துவைத்து மடித்து எனக்கென்று கொண்டு வந்திருந்தார். என் கையில் வைத்தார். வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மோனிஷ்தான் ஒரு நாள் கேட்டான். "புகாருல இடக்கைத் தாழ்வப் பத்தி ஒரு வார்த்த இல்லீங்களே அக்கா? அன்னைக்கு அப்பிடிச் சத்தம் போட்டீங்க."

"மூடி தெறக்கறதுக்கு முன்னாடிதான? மருந்துக்கு ஒரு கெடுதலும் இல்ல. இருந்துட்டுப் போகுது உடு."

"காத்து அடங்கறதுக்குத்தானுங்களே அது?"

"ஆமா," என்றேன்.

இன்றைக்கு வேலை அதிகம், எல்லா மேடையிலும் ஆள். நான் என் மேடையில் குப்பியை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். முன்பெல்லாம் இந்த நேரத்தில் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். மூடியிடம் வந்ததும் மல்லேஷின் இடக்கை இறங்கியது, அடுத்த மேடைப் பெண்ணுடையது இறங்கியது, நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுடையது கொஞ்சம் தாமதமாக இறங்கியது. சேலத்திலும் தூத்துக்குடியிலும் இதே நேரத்தில் யார் யாரோ நிறுத்திக்கொண்டிருப்பார்கள். என் மகளைத் தெரியாத கைகள் எல்லாம் அவளுக்காக ஒரு மூச்சு நேரம் நின்றன. நானும் என் கையை இறக்கினேன்.